நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு வரி

பூர்ணிமாவோடு ஒரே அறையில் ஆறு வருடம் உட்காருவது லேசான காரியம் இல்லை. அதற்குப் பொறுமை வேண்டும். என்னிடம் அது கம்மி. காலையில் வந்து பையை வைத்ததும் ஆரம்பித்துவிடுவாள். "சார், கேன்டீன் டோக்கன் மிஷின்ல ஏழாம் நம்பர் மட்டும் ஏன் ரெண்டு தடவை விழுது?" ஏழு எத்தனை தடவை விழுந்தால் என்ன, சாம்பார் அதே சாம்பார்தானே என்று சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. மத்தியானம் கேன்டீன்காரரைப் போய்க் குடைந்து, மிஷினுக்குள் ஒரு பல் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள். எங்கள் மாடியில் அவளுக்கு சி.பி.ஐ. என்று பெயர்.

நான் சீனிவாசன். ஆம்பூரில் ஷூ தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் மூத்தவன். சர்வர்கள் என் பொறுப்பு. யார் எதில் நுழையலாம், யாருடைய கணக்கை மூட வேண்டும் என்பதும் என் பொறுப்பு. பூர்ணிமாவுக்கு ரிப்போர்ட்டுகள். எங்கள் கம்பெனிக்கே வாணியம்பாடியில் ஒரு டேனரி இருக்கிறது. தோல் அங்கே பதமாகி இங்கே வருகிறது. அந்த டேனரியில் வாரம் ஒருமுறை கழிவுத் தொட்டிக்குள் இரண்டு பேர் இறங்குகிறார்கள். நான் சொல்லப்போவது அவர்கள் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அது வெகுநேரம் தெரியாமல் இருந்தது. உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

பூர்ணிமா குடியாத்தத்துப் பெண். அப்பா வேதாசலம் இரண்டு பவர்லூம் போட்டு லுங்கி நெய்கிறார். அவளுக்குத் தறி மேல் பாசம் ஒன்றும் கிடையாது. "காது போய்டும் சார், வேற ஒண்ணும் மிச்சமில்ல" என்பாள். கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டு எங்கள் கட்டிங் பிரிவில் ஸ்டிக்கர் ஸ்கேன் பண்ண வந்தாள். வெட்டிய தோல் துண்டுகளைக் கட்டுக்கட்டாகப் பிரித்து ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதை ஸ்கேனரில் காட்டினால் வேலை முடிந்தது. காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஒருநாள் மாடியேறி என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"சார், நான் ஸ்கேன் பண்றது எங்க போகுது?"

"சர்வருக்கு."

"அங்கருந்து?"

"ரிப்போர்ட்டுக்கு."

"அதை யார் பாக்கறாங்க? பாத்துட்டு இன்னா பண்றாங்க?"

எனக்கு எரிச்சல் வந்தது. பதில் தெரியாததால் வந்த எரிச்சல்தான், வேறொன்றும் இல்லை. அன்றைக்கு விரட்டிவிட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் வந்தாள். நாலாவது தடவை வந்தபோது, இவளைக் கீழே விட்டுவைப்பதைவிட மேலே வைத்துக்கொள்வது நமக்கு நிம்மதி என்று மேனேஜரிடம் பேசி எங்கள் பிரிவுக்கே மாற்றிக்கொண்டேன். அந்த நிம்மதி இன்றுவரை வந்து சேரவில்லை.

ப்ரோகிராம் எழுத யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி பஸ்ஸில் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மற்ற பெண்கள் தூங்குவார்கள், அல்லது மாமியாரைத் திட்டுவார்கள். இவள் மொபைலில் பைத்தான் பாடம் பார்த்து, அறுபது பக்க நோட்டில் பேனாவால் ப்ரோகிராம் எழுதுவாள். பஸ் குலுங்கிக் குலுங்கி அந்த எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அறைக்கு வந்ததும் அதைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்ப்பாள். ஓடாது. ஏன் ஓடவில்லை என்று பார்ப்பதில்தான் அவளுக்கு அலாதி சந்தோஷம். கணவர் சூரியபிரகாஷ் ஆட்டோக்களுக்கு எலக்ட்ரிகல் வேலை செய்கிறவர். "அவர் ஒயர் எங்க போகுதுன்னு தேடுவாரு, நான் டேட்டா எங்கருந்து வருதுன்னு தேடறேன். வீட்ல சண்டை போட நேரமே இல்ல சார்" என்று சிரிப்பாள்.

போன வருடம் எங்கள் பழைய டேட்டாபேஸ் சர்வர் ஒன்றை நிறுத்திவிடுவது என்று முடிவானது. வயதாகிவிட்டது, வாரம் ஒருமுறை மூச்சு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஷூ ஃபேக்டரிக்கு லீவு என்பதால் அன்றைக்கு நிறுத்த நாள் குறித்தார்கள். எங்களுக்குச் சொன்னது புதன்கிழமை. எங்கள் மேலிடம் எப்போதுமே அப்படித்தான், தாலி கட்டும் நேரத்தில்தான் பத்திரிகை அடிக்கச் சொல்லும்.

சிக்கல் சர்வரில் இல்லை, ரிப்போர்ட்டுகளில். எங்களிடம் ரிப்போர்ட்டுகளுக்கென்று தனியாக ஒரு சர்வர் உண்டு. கட்டிங்கில் எத்தனை, தையலில் எத்தனை, எந்த லைனில் வேலை தேங்கி நிற்கிறது என்று மேனேஜர்கள் அதில்தான் பார்ப்பார்கள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு ரிப்போர்ட். ஒவ்வொன்றும் எங்கோ ஒரு டேட்டாபேஸில் போய்த் தகவல் கேட்டு வாங்கி வரும். எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அவற்றைச் செய்து கொடுத்த சாஃப்ட்வேர் கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிறது. பழைய சர்வரிடம் போகும் ரிப்போர்ட்டுகளை முன்கூட்டியே புதியதற்குத் திருப்பிவிடாவிட்டால் திங்கட்கிழமை காலை பாதி ஃபேக்டரி கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

"ஒவ்வொண்ணா தொறந்து பாக்கணும்னா பத்து நிமிஷம். நானூத்திப் பன்னண்டு. சாப்பிடாம தூங்காம பாத்தா மூணு நாள்" என்றேன்.

"தொறக்க வேணாம் சார். அதுங்களயே கேட்டுடலாம்."

ரிப்போர்ட் சர்வரைக் கூப்பிட்டு, உன்னிடம் உள்ள ரிப்போர்ட்டுகளின் பெயரையெல்லாம் கொடு என்று கேட்க ஸ்கிரிப்ட் என்கிற குட்டி ப்ரோகிராம் ஒன்று எழுதினாள். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் உள்ளே ஒரு ஃபைல்தான். எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ், எந்த யூசர் பெயரில் நுழைய வேண்டும் என்பது அந்த ஃபைலில் எழுதியிருக்கும். பாஸ்வேர்டு மட்டும் வராது, அதை சர்வர் பூட்டி வைத்திருக்கும். அவள் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஃபைலாக இறக்கி, இந்த மூன்று விவரத்தை மட்டும் பொறுக்கி, வரிக்கு வரி அடுக்கும். எழுத அரை நாள் ஆனது. ஓட நாலு நிமிடம்.

நானூற்றுப் பன்னிரண்டு வரி வந்தது. அதில் நூற்றிருபத்தைந்து வரிகளில் சர்வர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

"புட்டுக்கிச்சு" என்றேன்.

"இல்ல சார், இருங்க." நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். அவள் காலை மடக்கினால் இனி எழுந்திருக்க மாட்டாள் என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த ரிப்போர்ட்டுகளில் விலாசம் எழுதவில்லை. பொதுவாக வைத்த ஓர் இணைப்பின் பெயர் மட்டும்தான் இருந்தது. "தன் அட்ரஸைச் சொல்லாம, பக்கத்து வூட்ல கேளுன்னு எழுதி வச்சிருக்குது சார்" என்றாள். பக்கத்து வீட்டிலும் கேட்கும்படி ஸ்கிரிப்டை மாற்றினாள். வியாழக்கிழமை மதியத்துக்குள் எல்லா வரியும் நிரம்பிவிட்டது. எனக்கே கைதட்டத் தோன்றியது, தட்டவில்லை.

பழைய சர்வரிடம் போவது தொண்ணூற்றாறு ரிப்போர்ட். மீதி எல்லாம் மற்ற இரண்டு சர்வர்களுக்கு. ஒன்றைத் தவிர. அந்த ஒரு வரியில் சர்வர் பெயர் 'பிட்-2' என்று இருந்தது. ரிப்போர்ட்டின் பெயர் 'டெஸ்ட் 3'. எங்கள் டேட்டாபேஸ் சர்வர்கள் மூன்றும் இதே மாடியில் பூட்டிய குளிர் அறையில் இருக்கின்றன; எதற்கும் பிட் என்று பெயர் இல்லை.

"சார், இது எங்க இருக்குது?"

"எங்கயோ இருக்குது. பழைய சர்வர்ல இல்லல்ல? அப்ப நமக்குச் சம்பந்தமில்ல. தொண்ணூத்தாறைப் பாரு."

"யாரோ பாக்கறாங்களா சார் இதை?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. போன மாதம் பாதுகாப்புக் கெடுபிடி என்று மேலிடம் குதித்தபோது, யார் யார் எதையெல்லாம் அறுபது நாளாகத் தொடவில்லை என்று நான் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். லீவு நாளைக் கழித்து, வேலை நாளை மட்டும் எண்ணும்படி சுத்தமாகச் செய்திருந்தேன். அந்தப் பட்டியலில் டெஸ்ட் 3-க்கு நேராகப் பூஜ்யம். "ஒரு ஈ காக்கா பாக்கலம்மா" என்று காட்டினேன்.

அவள் அந்த பிட்-2 என்ற பெயரை நெட்வொர்க்கில் கூப்பிட்டுப் பார்த்தாள். உடனே பதில் வந்தது. "உயிரோட இருக்குது சார்!" என்று குதித்தாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று சத்தம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு மேல் தொங்குகிறது, இவள் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு ஜாதகம் பார்க்கிறாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தொண்ணூற்றாறை எடுத்தாள். ஐந்து மணிக்கு டீ வந்தது. டீ குடிக்கும் நேரம் அவள் சொந்த நேரம், அதில் நான் தலையிட முடியாது. இடது கையில் டீ, வலது கையில் ஃபோன். பிட்-2-இன் நெட்வொர்க் எண்ணை வைத்து அது வாணியம்பாடி டேனரியில் இருக்கிறது என்று அதற்குள் பிடித்துவிட்டிருந்தாள். டேனரி ஆபீஸில் சுகரா பேகம் எடுத்தார். அங்கே இருபது வருடமாக ரிஜிஸ்டர் எழுதுகிறவர். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"மேடம், பிட்-2ன்னு ஒரு கம்ப்யூட்டர் உங்ககிட்ட இருக்குதா?"

"பேரெல்லாம் தெரியாதும்மா. ஆபீஸ்ல நாலு இருக்குது. அப்புறம் ரெண்டாம் தொட்டியாண்ட ஒரு பொட்டி இருக்குது. உள்ள வெஷ கேஸ் எவ்ளோன்னு காட்டும்ல, அது."

"அந்த நம்பரை யார் பாக்கறாங்க மேடம்?"

"ரஷீத் பாய்தான். தொட்டி வேலைக்கு அவருதான் பொறுப்பு. கையில இருக்கற டேப்லெட்ல பாத்துட்டுத்தான் ஆளுங்களைத் தொட்டிக்குள்ள எறக்குவாரு."

"தினமுமா?"

"தினம் எதுக்கு? வெள்ளிக்கிழமை மட்டும்தான்."

டீயைக் கீழே வைத்தேன். பிட் என்றால் இங்கிலீஷில் குழி, தொட்டி. ஆம்பூரில் எங்கள் ஷூ ஃபேக்டரிக்கு ஞாயிறு லீவு. வாணியம்பாடி டேனரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. காலம் காலமாக அங்கே அப்படித்தான். லீவு என்றால் தோலைச் சுழற்றி அலசும் டிரம்கள் ஓடாது, தண்ணீர் வராது, அதனால் தொட்டியை இறைத்து அடியில் அடைத்திருக்கும் ரோமத்தையும் கசடையும் அள்ளுவது அன்றைக்குத்தான். என்னுடைய சுத்தமான பட்டியலில் அந்தந்த இடத்து லீவு நாள் எண்ணிக்கையில் வராது. ரஷீத் அஹமது வாரா வாரம் பார்த்ததெல்லாம் என் கணக்கில் பூஜ்யம்.

பூர்ணிமா டெஸ்ட் 3-ஐத் திறந்தாள். வெள்ளைத் திரையில் பச்சை எழுத்தில் ஒரே ஒரு எண்: 2. கீழே, பத்துக்கு மேல் போனால் இறங்கக் கூடாது என்று உருதுவிலும் தமிழிலும் எழுதியிருந்தது.

"அப்பாடா, ஓடுது" என்றேன்.

அவள் புதுப்பிக்கும் பட்டனை அழுத்தினாள். 2. மறுபடி அழுத்தினாள். 2. திரையின் அடி மூலைக்குக் குனிந்து, எறும்பு சைஸ் எழுத்தைப் படித்தாள். அதில் இருந்த தேதி இருபத்தேழு நாளைக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை.

"சார், இது இப்ப வந்த நம்பர் இல்ல. உள்ள நுழைய முடியலன்னா கடைசியா வந்ததையே காட்டிக்கினு நிக்குது." பிறகு தன் பட்டியலில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "இந்த யூசர் பேர்ல நுழையுது. இது இருக்குதா பாருங்க."

பார்க்கவே வேண்டியதில்லை. அந்தப் பெயரை எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பட்டியலை வைத்து, அறுபது நாளாக யாரும் தொடாத கணக்குகள் என்று முப்பத்தொன்றை ஒரு சனிக்கிழமை மூடினேன். அதில் அது ஒன்று. அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது. மறுநாள் நாலாவது.

உடனே அந்தக் கணக்கைத் திறந்துவிட்டேன். பூர்ணிமா பட்டனை அழுத்தினாள். பச்சை போய் சிவப்பு வந்தது. அறுபத்தொன்று.

ரஷீத் அஹமதுக்கு ஃபோன் போட்டு, நாளைக்கு நான் வருகிற வரைக்கும் யாரும் ஏணியில் கால் வைக்கக் கூடாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றேன். ஃபோனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு நாங்கள் போனபோது டேனரியில் சத்தமே இல்லை. தொட்டி ஓரத்தில் ரஷீத் அஹமது நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது, ஒல்லியான மனிதர். இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொண்டு குர்ஷித், சதீஷ்குமார் என்ற இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். தொட்டி வேலையை ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் முடித்துவிடுவது அவர்கள் வழக்கம், அதனால் காலையில் யாருக்கும் காத்திருக்கப் பொறுமை இருக்காது. கையில் பிடித்துப் பார்க்கும் கேஸ் மீட்டர் ரிப்பேருக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. எண் பத்தைத் தாண்டினால் அடிக்கும் சைரன் அடிக்கடி கத்திப் பேஜார் பண்ணுகிறது என்று யாரோ அதன் ஒயரைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஆக, அவர்களுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு நம்பர்தான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூடியது நான்தான் என்றும் சொன்னேன்.

ரஷீத் அஹமது டேப்பைத் தூக்கிக் காட்டினார். "நான் நம்பரைச் சத்தமா படிப்பேன் சார். இவங்க ரெண்டு பேரும் அதைத் திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் எறங்கணும். மூணு வாரமா ரெண்டு, ரெண்டு, ரெண்டுன்னு படிச்சிருக்கேன்."

"ஒரே நம்பர் வருதேன்னு சந்தேகம் வரலயா பாய்?" பூர்ணிமாவால் கேட்காமல் இருக்க முடியாது.

"சந்தோஷமா இருந்துச்சும்மா" என்றார்.

பிறகு அவரே கேட்டார். "அந்த மூணு நாளும் நெஜ நம்பர் இன்னா?"

தொட்டியோரப் பெட்டி தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருந்திருக்கிறது. எல்லா எண்களும் அதற்குள் பத்திரமாக இருந்தன. எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை, அல்லது பயமாக இருந்தது. பூர்ணிமா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். நேற்றே எடுத்து எழுதி வைத்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. ஆயிரம் கேள்வி கேட்கிறவளுக்கு இந்த ஒரு பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. ரஷீத் அஹமது, படிம்மா என்றார்.

"மொத வெள்ளிக்கிழமை, எறங்கின நேரத்துல, அஞ்சு. ரெண்டாவது எட்டு." அடுத்த வரியில் விரலை வைத்தாள். "போன வாரம் பதினேழு."

குர்ஷித் தொட்டித் திட்டில் மெதுவாக உட்கார்ந்தார். "அன்னிக்கு மேல வந்தப்புறம் தலை சுத்தி வாந்தி எடுத்தேன் பாய். வெயில்னு நெனச்சோமே." சதீஷ்குமார் அவர் தோளில் கை வைத்தான். குர்ஷித் என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. "அதை மூடறதுக்கு முன்னாடி இங்க ஒரு ஃபோன் பண்ணிருக்கலாமே சார்?"

ஒரு ஃபோன். ஸ்பீக்கரில் போட்டு டீ குடித்துக்கொண்டே பண்ணக்கூடிய ஃபோன். மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து ஃபேனை எடுக்கப் போனார்.

டேப்பில் அப்போது இருபத்துமூன்று. காற்று ஊதும் ஃபேனைத் தொட்டிக்குள் இறக்கி ஓடவிட்டார்கள். சதீஷ்குமார் சைரன் ஒயரைத் தேடி மாட்டினான். மாட்டியதும் அது கத்து கத்தென்று கத்தியது. யாரும் அதை நிறுத்தவில்லை. தொழுகை நேரம் வந்தது. வேலை முடியாமல் ஜும்ஆவுக்குப் போவது இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டு ரஷீத் அஹமதும் குர்ஷித்தும் போனார்கள். பூர்ணிமா பெட்டி பக்கத்தில் குந்திக்கொண்டு, சென்சார் ஒயர் எங்கே போகிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை எண் மாறுகிறது என்று சதீஷ்குமாரைக் குடைந்துகொண்டிருந்தாள். அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. என் பேச்சைக் கேட்டு அந்த வரியை அவள் விட்டிருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து நடந்தேன்.

இரண்டரைக்கு சைரன் தானாக நின்றது. மூன்று மணிக்கு ரஷீத் அஹமது டேப்பைக் கையில் எடுத்தார். முதலில் அடி மூலையில் இருந்த தேதியையும் நேரத்தையும் படித்தார். பிறகு, "ஆறு" என்றார்.

"ஆறு" என்றார் குர்ஷித். "ஆறு" என்றான் சதீஷ்குமார். இரண்டு பேரும் ஏணியில் கால் வைத்தார்கள். பெல்ட்டில் கட்டிய கயிற்றை மேலிருந்து பிடிக்கிற வேலை ரஷீத் அஹமதுடையது. குர்ஷித்தின் கயிற்றை என்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். கொடுத்தார். நாற்பது நிமிடம். குர்ஷித் ஏறி வந்து பெல்ட்டைக் கழற்றும் வரைக்கும் நான் அதை விடவில்லை.